மூக்கனின் ரத்தத்தில் செல்வமேரி பார்த்தது

பங்குத்தந்தை அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் எங்கள் ஆய்வு நிறுவனத்தின் நிர்வாகப் பிரதிநிதி அவர்களே, மயஸ்தீனியா நோயாளர் சங்கத்தின் உறுப்பினர்களே, லால்குடியிலிருந்தும் ஸ்ரீரங்கத்திலிருந்தும் உடம்பு முடியாத நிலையிலும் பஸ் ஏறி வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செல்வமேரியின் கணவர் இன்னாசிராஜ் அவர்களே, மகள் ஷெர்லின், உங்கள் அனைவருக்கும் பரக்கத் அலியின் வணக்கம்.

இந்தக் கூட்டத்தின் அழைப்பிதழில் என்னை 'அம்மையார் செல்வமேரியின் வழிகாட்டி' என்று அச்சிட்டிருக்கிறார்கள். முதலில் அதைத் திருத்திவிடுகிறேன். நான் நரம்பியல் மருத்துவன். அவர் வேலை பார்த்த ஆய்வில் நானும் ஒரு பொறுப்பில் இருந்தேன். அவருக்கு நான் எந்த வழியையும் காட்டவில்லை. அவர் போன வழியில் இரண்டு முறை குறுக்கே நின்றிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். இரங்கல் கூட்டத்தில் கோபமாகப் பேசலாமா என்று சிலர் நினைக்கலாம். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. இன்று காலையில் மன்னார்புரத்தில் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்த பிறகு அது இல்லை.

சென்ற மாதம் பதினோராம் தேதி, காலைத் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்தார். நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தார். எழவில்லை. ஐம்பத்தேழு வயது. மறுநாள் எங்கள் நிறுவனம் பத்திரிகைக்குக் கொடுத்த இரங்கல் செய்தி எப்படி இருந்தது தெரியுமா? 'எங்கள் ஆய்வகப் பணியாளர் ஒருவர் காலமானார்.' பணியாளர் ஒருவர்! அந்த ஒருவர் யார் என்று இந்த ஊருக்குத் தெரிய வேண்டாமா?

நோயைப் பற்றித் தெரியாதவர்களும் இங்கே இருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் கையைத் தூக்க நினைக்கும்போது நரம்பு ஒரு வேதிப்பொருளைத் தசைக்கு அனுப்புகிறது. அதை வாங்கிக்கொள்ளத் தசையின் மேல் சின்னச் சின்ன ஏற்பிகள் உண்டு. மயஸ்தீனியா என்கிற நோயில், நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தியே அந்த ஏற்பிகளைத் தாக்கி அழிக்கிறது. காலையில் நன்றாக இருப்பவருக்குச் சாயங்காலம் இமை தூக்க முடியாது. பேச்சு குழறும். சாதத்தை விழுங்க முடியாது. சில நேரம், ஒரு காய்ச்சலுக்குப் பிறகு, மூச்சு விடும் தசையே நின்றுபோகும். அப்போது சில மணி நேரத்துக்குள் சரியான இடத்துக்குப் போய்ச் சேராவிட்டால் உயிர் போகும்.

நாங்கள் மருத்துவர்கள் எல்லோரும் தாக்கப்படுகிற தசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். செல்வமேரியின் வேலை, தாக்குகிற அணுக்களை எண்ணுவது. ரத்தத்தில் உள்ள வெள்ளணுக்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளி வழியே ஓடவிட்டு, எந்த அணுவின் மேல் என்ன ஏற்பி இருக்கிறது என்று கணக்கிடும் எந்திரம் ஒன்று எங்களிடம் இருந்தது. ஆம், அந்த அணுக்களின் மேலும் ஏற்பிகள் உண்டு. அதில் குறிப்பிட்ட ஒன்று அதிகமானால் அந்த அணு நிணநீர் முடிச்சுக்குள் போய், தசையைத் தாக்கும் எதிர்ப்பொருளைச் செய்கிற மற்ற அணுக்களைத் தூண்டிவிடும். முப்பத்தொரு நோயாளிகள். மாதம் ஒரு முறை ரத்தம். எந்திரத்தை ஓட்டி எண்களைத் தாளில் எழுதிக் கொடுப்பது அவர் வேலை. அவ்வளவுதான் அவருக்கு நாங்கள் கொடுத்த வேலை.

அவர் அதோடு நிற்கவில்லை. லால்குடிப் பக்கத்து நோயாளிகள் சிலருக்கு அலைச்சல் முடியாது என்று தெரிந்ததும் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய் ரத்தம் எடுத்து வந்தார். எவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. அப்படி அவர் மாதாமாதம் போன வீடுகளில் ஒன்று மூக்கனுடையது.

மூக்கன் நெல் விவசாயக் கூலி. நாற்பத்தாறு வயது. ஆய்வில் சேர்ந்தபோது இரண்டு கண்ணும் மூடிக் கிடந்தவர், மருந்து எடுத்துக்கொண்டு தேறி, மறுபடி வயலில் இறங்கியிருந்தார். 2019 ஆகஸ்ட் மாதத்தில் அவருடைய ரத்தத்தைப் பார்த்த செல்வமேரி திகைத்தார். அந்த ஏற்பி உள்ள அணுக்கள் முந்தைய மாதங்களில் நூற்றுக்கு ஒன்பது, பத்து என்று இருந்தன. அன்று இருபத்தாறு. இரண்டாம் முறை ஓட்டிப் பார்த்தார். இருபத்தாறு.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் ஓ.பி.க்கு வந்தார். நோயாளிகளின் வரிசைக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் நின்றார். நான் பார்த்தும் கூப்பிடவில்லை. கடைசியில் உள்ளே வந்து தாளை வைத்து, மூக்கனுக்கு ஏதோ வரப்போவதாகத் தோன்றுகிறது என்றார். மூக்கனுக்கு இப்போது என்ன தொந்தரவு என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, வயலில்தான் இருக்கிறார் என்றார். அப்போது நான் சொன்னதை, என் வாயால், அப்படியே சொல்கிறேன்.

"மேரி, நம்பர் கொடுக்கிறது உங்க வேலை. அதுக்கு அர்த்தம் சொல்றது எங்க வேலை."

அவர் கோபப்படவில்லை. "சரிங்க சார். ஒரு தடவை அவரைக் கூப்பிட்டுப் பாத்துடுங்க. அது போதும்" என்றார்.

நான் கூப்பிடவில்லை.

பதினாறாம் நாள் மூக்கனுக்குக் காய்ச்சல் வந்தது. சாயங்காலத்துக்குள் பேச்சு குழறி, கண் சொருகி, கழுத்து நிற்கவில்லை. மனைவி செங்கமலம் அருகிலிருந்த ஒரு சின்ன மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். அதன் பெயர் வேண்டாம். அங்கிருந்தவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? குடித்திருக்கிறார், போதை தெளியட்டும், படுக்க வையுங்கள் என்றார்கள். வாழ்நாளில் ஒரு சொட்டுக் கூடத் தொடாத மனிதர். கூலிக்காரன், நாக்குக் குழறுகிறது, கண் சொருகுகிறது. அவர்களுக்கு அது போதும். நோயின் பெயர் எழுதிய அட்டையைச் செங்கமலம் எடுத்து நீட்டினார். வாங்கிப் பார்க்க ஆள் இல்லை. மூன்று மணி நேரம் கழித்துப் பயந்துபோய் ஆம்புலன்சில் ஏற்றினார்கள். டோல்கேட் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அவர்களைச் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியுமா? அவர்கள் மூன்று மணி நேரம் வீணாக்கினார்கள். நான் பதினாறு நாள் வீணாக்கினேன்.

அடக்கத்துக்கு எங்கள் நிறுவனத்திலிருந்து போனவர் ஒருவர்தான். அது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நேராக ஆய்வகத்துக்குப் போனார். இரண்டு ஆண்டு எண்கள் முழுவதையும் எடுத்து வைத்துக்கொண்டு, வேலை நேரம் முடிந்த பிறகு தினமும் உட்கார்ந்தார். அந்த முப்பத்தொரு பேரில் பதினொரு முறை மூச்சுத் திணறல் வந்திருந்தது. அதில் ஒன்பது முறை, இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்னால் எடுத்த ரத்தத்திலேயே அந்த ஏற்பி ஏறியிருந்தது.

ஒன்பது முறை. நோயாளி நன்றாக இருக்கும்போதே, நாங்கள் 'போய் வாங்க, அடுத்த மாசம் பாக்கலாம்' என்று சிரித்து அனுப்பிய அதே நாளில், அவருடைய அணுக்கள் மாறிவிட்டிருந்தன. எண்கள் எங்கள் அலமாரியில் இருந்தன. படித்தவர் எவர்? பெயருக்குப் பின்னால் நான்கு பட்டம் போட்டுக்கொள்கிற நாங்களா?

துறைக் கூட்டத்தில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் கேட்டு வாங்கினார். அவர் பேசத் தொடங்கி இரண்டாவது நிமிடம் நிறுவனத்தின் அப்போதைய தலைவர் குறுக்கிட்டார். டெக்னீஷியன்கள் புள்ளியியல் பேச ஆரம்பித்துவிட்டால் நாமெல்லாம் வீட்டுக்குப் போகலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சிரிக்கவில்லை, அவ்வளவுதான். எந்திரக் கோளாறாக இருக்கும் என்று ஒருவர் முடித்து வைத்தார்.

எந்திரக் கோளாறா? அதையும் பார்த்துவிடலாம் என்று கிளம்பினார் அவர். நோய் இல்லாத ஒருவரின் ரத்தத்தை மாதக்கணக்கில் ஓட்டிப் பார்த்தால் எந்திரம் பொய் சொல்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் வாரா வாரம் வந்து கையை நீட்ட யார் இருக்கிறார்கள்? இதோ இருக்கிறார், இன்னாசிராஜ். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்றவர். சனிக்கிழமைதோறும் மனைவியின் ஆய்வகத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். எதற்கு என்று கூடக் கேட்டதில்லையாம். இன்று காலை அவர் என்னிடம் சொன்னார்: "என் ரத்தம் சும்மாத்தானே சார் ஓடிக்கிட்டு இருக்கு. அவளுக்கு ஒபயோகமா இருக்கட்டும்னு விட்டேன்." பதினான்கு சனிக்கிழமைகள். அவருடைய எண் ஒரு முறை கூட ஏறவில்லை. எந்திரம் சரியாக இருந்தது. நாங்கள்தான் சரியாக இல்லை.

அப்புறம் கொரோனா வந்தது. ஆய்வு நின்று, மறுபடி தொடங்கியது. அதன் பிறகு நடந்ததை ஸ்ரீரங்கத்துக்காரர்கள் பலர் அறிவீர்கள். முழுவதும் அறியமாட்டீர்கள்.

தெற்கு உத்திர வீதியைச் சேர்ந்த பத்மாசனி அவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார். பள்ளி ஆசிரியை. அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. நோய் கட்டுக்குள் இருந்தது. வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள், அவருடைய ரத்தத்தில் அதே ஏற்பி ஏறியிருப்பதைச் செல்வமேரி பார்த்தார். இந்த முறை அவர் யாருடைய ஓ.பி.யிலும் வரிசையில் நிற்கவில்லை. பஸ் ஏறிவிட்டார். ஏகாதசிக் கூட்டத்துக்காக மாம்பழச்சாலையோடு பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஊரே வடக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்த அந்த நெரிசலில், முட்டி வலியோடு, உத்திர வீதி வரைக்கும் நடந்தார்.

வீட்டில் பத்மாசனி கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் மாமனார் ஆராவமுதன் சுவாமி கோயில் கைங்கர்யத்தில் இருப்பவர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நன்னாத்தானே இருக்கா? நாளைக்கு ஏகாதசி. ஆத்துல இவ்வளவு கிடக்கு, இப்போ எதுக்கு ஆஸ்பத்திரி?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நானே கேட்ட கேள்விதானே அது?

செல்வமேரி அவரிடம் மூக்கனைப் பற்றிச் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. லால்குடியில் ஒருவர் இருந்தார், அவரும் நன்றாகத்தான் இருந்தார், நான் ரத்தத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன் என்று சொன்னாராம். கவனியுங்கள். 'டாக்டர் சும்மா இருந்துவிட்டார்' என்று சொல்லவில்லை. பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். சுவாமி மருமகளின் கையிலிருந்த கோலமாவுக் கிண்ணத்தை வாங்கி வைத்தார். "பெருமாள் அடுத்த வருஷமும் சேவை சாதிப்பார். நீங்கோ அழைச்சிண்டு போங்கோ" என்றார்.

அந்த வீட்டு வாசலிலிருந்து எனக்கு போன் செய்தார். ஐசியு படுக்கை வேண்டும், அனுமதிக் கடிதம் வேண்டும் என்றார். நோயாளிக்கு என்ன அறிகுறி என்று கேட்டேன். அறிகுறி வருவதற்கு முன்னால்தான் கூப்பிடுகிறேன் என்றார். நான் இழுத்தேன். அத்தனை வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து அன்று ஒரு முறைதான் கேட்டேன்.

"சார், எழுதுறீங்களா, இல்ல நான் வேற டாக்டரைப் பாக்கட்டுமா?"

எழுதினேன். நான்காம் நாள் பத்மாசனிக்கு மூச்சு நின்றது. நின்றபோது அவர் ஐசியுவில் இருந்தார். குழாய் போட ஆள் அருகில் இருந்தார்கள். சிகிச்சை முன்கூட்டியே தொடங்கியிருந்தது. ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தோம். இதோ, மூன்றாவது வரிசையில், மாமனாருக்குப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார்.

இதற்கு எங்கள் நிறுவனம் செல்வமேரிக்கு என்ன கொடுத்தது? மெமோ! பணி வரம்பை மீறினார், நோயாளியின் வீட்டுக்கு நேரில் போனார், மருத்துவக் கருத்துச் சொன்னார் என்று மூன்று குற்றம். மூன்று நாளில் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிய விளக்கம் என்னிடம் இருக்கிறது. இரண்டே வரி. 'நோயாளி உயிரோடு இருக்கிறார். வேறு விளக்கம் இல்லை.' அந்த மெமோ இன்று வரை அவருடைய பணிப் பதிவேட்டில் இருக்கிறது. அதை எதிர்த்து ஒரு கடிதம் எழுத எனக்கு அதிகாரம் இருந்தது. எழுதவில்லை. ஓய்வு பெற எனக்கு இன்னும் ஒரு வருஷம் இருந்தது. எதற்கு வம்பு என்று இருந்துவிட்டேன்.

அடுத்து வந்தது ஆய்வுக் கட்டுரை. அணுக்களின் ஏற்பி மாற்றம், மூச்சுத் திணறலை முன்கூட்டியே காட்டுகிறதா என்று கேட்கிற கட்டுரை. வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது. ஏழு ஆசிரியர்கள். அந்த ஏழு பேரில் எந்திரத்தைத் தொட்டவர் இருவர். மூக்கனின் வீட்டு வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லை. செல்வமேரியின் பெயர்? கடைசிப் பக்கத்தில் 'ஆய்வக உதவிக்கு நன்றி' என்று ஒரு வரி. அங்கேயும் பெயர் இல்லை. அந்த ஏழு பெயரில் இரண்டாவது, பரக்கத் அலி.

கட்டுரை வந்த அன்று ஆய்வகத்தில் கேக் வெட்டினோம். ஒரு துண்டு அவருக்கும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு, முப்பத்தொரு பேர் போதாது சார், இன்னும் இருநூறு பேரிடமாவது பார்த்தால்தான் இது உண்மையா என்று தெரியும் என்றார். கட்டுரையில் நாங்கள் எழுதத் துணியாத அந்த நேர்மையான வரியைக் கையில் கேக்கோடு நின்று அவர் சொன்னார். இது இன்னும் நிறுவப்பட்ட முடிவு அல்ல. அவர் தன் கண்டுபிடிப்பைக் கூட மிகைப்படுத்திச் சொன்னதில்லை. தன்னைப் பற்றிச் சொல்லவே இல்லை.

கட்டுரை வந்த பிறகு நிதி முடிந்துவிட்டது என்றார்கள். எந்திரத்தின் மேல் உறை போட்டார்கள். அவரைச் சர்க்கரைப் பரிசோதனைக் கவுன்ட்டருக்கு மாற்றினார்கள். உலகத்தில் மிகச் சிலரே பார்த்த ஒன்றைப் பார்த்த கண்கள், டோக்கன் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. அப்போதும் சனிக்கிழமைகளில் நோயாளிகளுக்குத் தானே போன் செய்து, மூச்சு எப்படி இருக்கிறது, ஒரே மூச்சில் இருபது வரை எண்ண முடிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே உட்கார்ந்திருக்கும் எத்தனை பேர் அந்தத் தொலைபேசியில் இருபது எண்ணியிருக்கிறீர்கள்? கை தூக்குங்கள் என்று கேட்கமாட்டேன். உங்களில் பலருக்குக் கை தூக்குவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

செல்வமேரியின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலில் ஷெர்லின் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "அம்மா சொன்னப்ப நீங்க ஏன் சார் கேக்கல?"

அன்றைக்கு நகர்ந்துவிட்டேன். இன்று இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன், மகளே. உன் அம்மா டெக்னீஷியன் என்பதால் கேட்கவில்லை. பெண் என்பதால் கேட்கவில்லை. அவர் ஐஸ் பெட்டியோடு பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் என்பதால் கேட்கவில்லை. எண்ணில் பிழை இருந்ததா என்று நான் பார்க்கவே இல்லை. சொன்னவர் யார் என்று மட்டும் பார்த்தேன். மூக்கன் குடித்திருக்கிறார் என்று முடிவு செய்தவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

வருத்தப்படுவதோடு இந்தக் கூட்டம் கலைந்துவிடக் கூடாது. நிர்வாகப் பிரதிநிதி அவர்களே, உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். நோயாளிகள் நம்பிக் கொடுத்த ரத்த மாதிரிகள் ஆயிரத்து நானூறு குப்பிகள் உங்கள் உறைபனிப் பெட்டியில் இருக்கின்றன. மின்செலவு அதிகம், இடம் வேண்டும் என்று அடுத்த மாதம் அவற்றை அழித்துவிட உத்தரவு போட்டிருக்கிறீர்கள். அதில் மூக்கனின் ரத்தம் இருக்கிறது. அது கழிவா? அதை அழிக்க விடமாட்டோம். வேறொரு கல்லூரி இடம் தருகிறது. குப்பிகளை ஒப்படையுங்கள். மெமோவைத் திரும்பப் பெறுங்கள்.

என் பங்குக்குச் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். கட்டுரையில் செல்வமேரியின் பெயரை முதல் ஆசிரியராகச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிட வேண்டும் என்று பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். மற்ற ஆறு பேருக்கும் நகல் அனுப்பினேன். இருவர் சம்மதித்திருக்கிறார்கள். நால்வர் பதில் போடவில்லை. அவர்கள் வீட்டுக்கே போவேன். வரும் சனிக்கிழமை முதல் லால்குடிப் பக்கம் ரத்தம் எடுக்க நான் போகிறேன். எனக்கு அறுபத்து நான்கு வயது, பஸ் ஏறத் தெரியும். இருநூறு பேர் வேண்டும் என்று அவர் கேட்டார். இருநூறு பேரைச் சேர்க்கும் வரை இந்த வேலையை நானும் சங்கத்தாரும் விடமாட்டோம்.

அடுத்து ஒரு நிமிட மௌன அஞ்சலி என்று நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. கூட்டத் தலைவர் அனுமதித்தால் அதை விட்டுவிடலாம். செல்வமேரி விஷயத்தில் நாம் வேண்டிய மட்டும் மௌனமாக இருந்துவிட்டோம். அதற்குப் பதிலாக, வெளியே போகும் வழியில் மேஜையில் ஒரு மனு வைத்திருக்கிறோம். குப்பிகளைக் கொடுங்கள், மெமோவை எடுங்கள், இரண்டே கோரிக்கை. லால்குடியிலிருந்து செங்கமலம் அம்மாள் முதல் ஆளாக வந்து, எழுத்துக் கூட்டி, தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் பெயருக்குக் கீழே என் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே தாள் காலியாக இருக்கிறது.

எழுந்திருக்க முடியாதவர்கள் அமர்ந்தே இருங்கள். தாளை உங்களிடம் கொண்டு வருகிறேன்.